தேதி தப்பிய வருஷம்

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது ஜோசியருக்கு அடுத்தபடியாக என்னைத்தான் கேட்பார்கள். ஜோசியர் மூன்று முகூர்த்தம் எழுதிக் கொடுப்பார். அந்த மூன்றில் எந்த நாளில் வீட்டுப் பெண்கள் யாரும் தூரமாக இருக்கமாட்டார்கள் என்று பார்த்துச் சொல்வது என் வேலை. யாரும் அதை எனக்குக் கொடுக்கவில்லை, தானாக வந்து சேர்ந்தது. அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். தேதி என்றால் என் மனசில் ஒட்டிக்கொள்ளும், பிறகு உதறினாலும் போகாது. ஓரகத்தி போன மாதம் தலைக்கு ஊற்றிக்கொண்டது கிருத்திகைக்கு மறுநாள், நாத்தனார் அமாவாசைக்கு முதல்நாள் என்று சொல்லி, அங்கிருந்து எண்ணி அடுத்த மாதத்தையும் அதற்கடுத்த மாதத்தையும் சொல்லிவிடுவேன். சரியாக இருக்கும். பெரம்பலூரில் மின்சார ஆபீஸில் வேலை பார்த்த என் கணவர், "பஞ்சாங்கத்துல விட்டுப்போனதெல்லாம் இவகிட்ட இருக்கு" என்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்கு நாற்பத்தாறு முடிந்த வருஷம், என் தேதியே தப்ப ஆரம்பித்தது.

ஆனியில் வரவேண்டியது ஆடிப்பெருக்கன்று வந்தது. ஆவணியில் இரண்டு தடவை வந்தது. புரட்டாசியில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாம்ராஜ்யங்கள் சரிந்ததை வருஷ வாரியாகப் பிள்ளைகளுக்கு ஒப்பிப்பவளுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. புரட்டாசி முழுக்க ஓரகத்தி என் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவரின் அண்ணன் மனைவி அவள். எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள்.

"ஏன் டீச்சர், மாங்கா ஏதும் வேணும்போல இருக்கா?"

"அக்கா! பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம்!"

"அதான் கேட்டேன். ரெண்டு பேருக்கும் சேத்தே தொட்டில் வாங்கிடலாமேன்னு."

இதைக் கேட்ட என் கணவரின் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. குழம்புச் சட்டியைப் பிடித்திருந்தவர் அப்படியே கீழே வைத்துவிட்டார்.

கர்ப்பமில்லை என்பது எனக்குத் தெரியும். அதோடு வேறு சங்கதிகளும் சேர்ந்துகொண்டன. மழை நாளில் பத்தாம் வகுப்பில் பானிபட் சண்டையை நடத்திக்கொண்டிருந்தேன். நெஞ்சிலிருந்து ஒரு சூடு கிளம்பி கழுத்து, காது, உச்சந்தலை என்று ஏறியது. அடுப்பைத் திறந்து முகத்தை உள்ளே வைத்ததுபோல் இருந்தது. ரவிக்கை நனைந்துவிட்டது. ஒரு நிமிஷத்தில் இறங்கி, பிறகு குளிரெடுத்தது. என் முகம் சிவந்ததைப் பார்த்துக் கோபம் என்று நினைத்த பிள்ளைகள் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தார்கள். என் சரித்திர வகுப்பு அவ்வளவு அமைதியாக அதற்கு முன் இருந்ததில்லை. இரவில் தூக்கம் இல்லை, பகலில் சிடுசிடுப்பு. வெங்காயம் நறுக்கினால் அழுகை வருவது இயற்கை. எனக்கு உருளைக்கிழங்கு நறுக்கும்போதும் வந்தது.

"லோ வோல்டேஜ், ஹை வோல்டேஜ் ரெண்டும் ஒரே லைன்ல வருது. ட்ரான்ஸ்ஃபார்மர் மாத்தணும்" என்றார் கணவர்.

"மாத்துங்களேன்."

"ஸ்டாக்குல இல்லியே."

கிளை நூலகத்தில் தேடிப் பார்த்தேன். அங்கே நான் படிக்காத அலமாரி குறைவு. தடியான ஒரு வீட்டு வைத்தியப் புத்தகத்தில் மாதவிடாய் நிற்கும் பருவத்தைப் பற்றி இரண்டு பாராக்கள் இருந்தன. முதல் பாரா அது வரும் என்றது, இரண்டாவது பாரா பயப்படவேண்டாம் என்றது. அதே புத்தகத்தில் மூலநோய்க்கு ஓர் அத்தியாயமே இருந்தது. எழுதியவர் ஆண் என்பதை அட்டையைப் பார்க்காமலே சொல்லிவிடலாம்.

இதற்கு நடுவில் மகளுக்கு வரன் அமைந்தது. ஆண்டிமடத்தில் முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம், மாப்பிள்ளை பாங்கு உத்தியோகம். ஜோசியர் மாசியில் மூன்று நாட்கள் எழுதிக் கொடுத்தார். வழக்கம்போல் கூடத்தில் எல்லோரும் உட்கார, நான் ஒவ்வொருத்தியின் கணக்கையும் சொல்லி வந்தேன். ஓரகத்தி பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. அதற்குள் அவள் கர்ப்பப்பையை எடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"எல்லார் தேதியும் சொல்லிட்டே. உன்னோடது?" என்றாள் அவள்.

நான் ஜோசியர் எழுதிய சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். 

"என்ன டீச்சர், வாத்தியாருக்கே பரீச்சையா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு நடு முகூர்த்தத்தைக் காட்டினேன். எந்தக் கணக்கும் இல்லை, நடுவில் இருந்தது, அவ்வளவுதான்.

மற்ற சடங்குகளாக இருந்தால் ஒதுங்கி நின்றுகொள்ளலாம். இது தாரை வார்ப்பது. பெண்ணின் கையை அப்பன் மாப்பிள்ளை கையில் வைக்க, அதன்மேல் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றவேண்டியவள் தாய். தாயால் முடியாவிட்டால் அப்பனும் விலகிக்கொள்ளவேண்டும், வேறொரு தம்பதி நிற்பார்கள். எங்கள் வீட்டில் அது கணவரின் அண்ணனும் ஓரகத்தியும். எங்களுக்கு இருப்பது ஒரே பெண். அவளைத் தாரை வார்த்துக் கொடுக்கும்போது நாங்கள் இருவரும் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பதா? இதை நினைத்தாலே எனக்குச் சூடு ஏறிவிடும். அது எந்தச் சூடு என்று பிரித்துச் சொல்லமுடியாது.

அந்த நாளில் இதற்கு ஊரறிந்த வழி ஒன்று இருந்தது. தேர் என்றால், கல்யாணம் என்றால், பெண்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி, "தள்ளிப்போடுற மாத்திரை" என்பார்கள். கடைக்காரர் எதுவும் கேட்காமல் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பார். அவர் முகத்தையும் நாம் பார்க்கமாட்டோம், நம் முகத்தையும் அவர் பார்க்கமாட்டார். கார்த்திகையில் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு ஒத்திகையாக இருக்கட்டும் என்று அதற்கு அந்த மாத்திரையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

அதற்கு முன்பே, தீபாவளி லீவு முடிந்து வந்தபோது, எங்கள் பள்ளித் தையல் டீச்சர் ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தாள். அவளுக்கு லப்பைக்குடிக்காடு. என்னைவிட இரண்டு வயசு சின்னவள், என்னை அக்கா என்பாள். அவள் அண்ணன் பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். பக்கத்துக் கடை சீன மருந்துக்கடையாம். பொட்டலத்தில் வெட்டி நசுக்கிய வேர்த்துண்டுகள், மெழுகு நிறத்தில் இருந்தன. ஓமமும் கொத்தமல்லி வேரும் சேர்ந்தாற்போல் ஒரு வாசனை. கூடவே இலந்தை வற்றல் மாதிரி சிவப்பாகச் சில பழங்கள்.

"சீனப் பொம்பளைங்க இதைக் கோழிச் சாத்துல போட்டுக் கொதிக்க வெச்சுக் குடிப்பாங்களாம் அக்கா. ரெண்டே ரெண்டு துண்டு. நான் குடிச்சேன். அல்ஹம்துலில்லா, மூஞ்சிக்கு ஏறுற இந்தக் காந்தல் பாதியாக் கொறஞ்சுபோச்சு."

"உனக்கும் வருதா?"

"பின்னே? தையல் மிஷினை நான் ஏன் சன்னலோரமா மாத்தினேன்னு நெனச்சீங்க? வெளிச்சத்துக்கா?"

ஒரே ஸ்டாஃப் ரூமில் பன்னிரண்டு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் முகம் சிவப்பதை அவள் கவனித்திருந்தாள், அன்றுதான் இருவரும் வாய்விட்டுப் பேசினோம். அந்தப் பொட்டலத்தைவிட அதுவே எனக்குப் பாதி மருந்து.

ஆனால் வேரைக் கையில் வாங்கியதும் என் புத்தி என் ஊர்ப் புத்தியாகவே வேலை செய்தது. வேர் என்றால் கஷாயம். கஷாயம் என்றால் பத்தியம். பத்தியம் என்றால் ஒரு மண்டலம். இதை யாராவது சொல்லித்தான் தெரியவேண்டுமா? கோழியை விட்டுவிட்டேன். மண்சட்டியில் ஒரு கைப்பிடி வேரைப் போட்டு, சுக்கும் மிளகும் தட்டிப்போட்டு, நாலுக்கு ஒன்றாகச் சுண்டவைத்து, பனங்கற்கண்டு சேர்த்து வெறும் வயிற்றில் குடித்தேன். புளி இல்லை, கத்திரிக்காய் இல்லை, கடுகு இல்லை, அகத்திக்கீரை இல்லை. எனக்காகத் தனியாகச் சமைக்க நேரம் ஏது? வீடு முழுவதும் பத்தியம் இருந்தது.

நாலாம் நாள் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "சீனாவுல கத்திரிக்கா இருக்கா இல்லியான்னு பாத்துட்டுப் பத்தியம் வெச்சிருக்கலாம்" என்றார்.

"அப்பா, எனக்குக் கல்யாணம் மாசிலதானே? ஐப்பசிக்கே மாத்த முடியாதா? மாமியார் வூட்டுல புளிக்கொழம்பு இருக்கும்" என்றாள் மகள்.

கார்த்திகையில் அந்த மாத்திரையும் சேர்ந்தது. குலதெய்வப் பொங்கல் குறையில்லாமல் நடந்தது. எனக்குப் பெருமை தாளவில்லை. சீனாவையும் மெடிக்கல் ஷாப்பையும் ஒரே வயிற்றில் சமாதானமாக வைத்துவிட்டோம் என்று நினைத்தேன். மாத்திரையை நிறுத்திய சில நாளில் வந்தது. இதுவரை வராததும் இனி வரவேண்டியதும் ஒன்றாகச் சேர்ந்து வந்ததுபோல் வந்தது. ஒரு வாரம் கழித்தும் நிற்கவில்லை. வகுப்பில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகை ஆடியதா, நான் ஆடினேனா என்று தெரியவில்லை.

தையல் டீச்சர் லீவு போட்டுவிட்டு என்னைப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினாள். அங்கே ஒரு லேடி டாக்டரிடம் அவள் ஏற்கெனவே போயிருக்கிறாள். பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்தையும் சொல்லிடுங்க அக்கா. என் வேர் சமாச்சாரத்தையும் மறைக்கக் கூடாது" என்றாள். அவள் பயந்திருந்தாள். நானும்தான்.

டாக்டருக்கும் ஏறக்குறைய எங்கள் வயசு. "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று கேட்டுவிட்டு எழுதத் தயாரானார். நான் பங்குனியிலிருந்து தொடங்கி ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"எல்லாரும் 'போன தேருக்கு முன்னாடி'ன்னுதான் சொல்லுவாங்க. நீங்க என்ன வேலை பாக்குறீங்க?"

"சரித்திரம்ங்க."

"அதானே."

கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "காகிதம் மாதிரி வெளுத்திருக்கு. என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

மாத்திரையைச் சொன்னேன், வேரைச் சொன்னேன். தோழி கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். டாக்டர் முகர்ந்து பார்த்தார். அது என்னவென்று அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சென்னையில் அவர் சீன ஊசி வைத்தியமும் கற்றுக்கொண்டவர் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது.

"எவ்வளவு போட்டீங்க?"

"ஒரு கைப்பிடி. தினமும். ஒரு மண்டலம் கணக்கு, பாதிதான் ஆச்சு."

"மண்டலம்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க. வேர்னா மண்டலம்தானே?"

டாக்டர் சிரிப்பை அடக்க மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். "நான் தப்புப் பண்ணிட்டேனா டாக்டர்?" என்று தோழி கலங்கினாள்.

"நீங்க சொன்னது ரெண்டு துண்டு. அதைச் சாம்ராஜ்யமா வளத்தது சரித்திர டீச்சரு" என்றார் டாக்டர். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "இந்த வேரு சில பேருக்கு ரத்தப்போக்கை அதிகமாக்கும். கடை மாத்திரையை நிறுத்தினா தள்ளிப்போட்டது மொத்தமா வரும். ரெண்டுல எது எவ்வளவு செஞ்சுதுன்னு என்னால பிரிச்சுச் சொல்லமுடியாது. ரெண்டையும் நிறுத்துங்க."

"இந்தத் தேதி ஏங்க இப்படித் தப்புது?"

"உங்க சூலகம் ரிட்டையர் ஆகப்போகுது. ரிட்டையர் ஆகப்போற ஆளு ஆபீஸ்ல எப்படி இருப்பாரு? ஒரு நாள் வருவாரு, ஒரு நாள் வரமாட்டாரு. திடீர்னு ஒரு நாள் எல்லார் ஃபைலையும் இழுத்துப் போட்டுக்கிட்டு ஓவர்டைம் பாப்பாரு. அவரு செய்யுற கூத்துலதான் சூடு, வேர்வை, தூக்கமில்லாம போறது, அழுகை எல்லாம். இன்னும் சில வருஷம்கூட இழுக்கலாம். அப்புறம் ஒரேயடியா நின்னுடும். இது நோய் இல்லை. ஆனா இவ்வளவு ரத்தம் போறதை வயசுதான்னு சும்மா விடக்கூடாது. உள்ள பாத்தே ஆகணும்."

திருச்சிக்கு அனுப்பினார். அங்கே மயக்கம் கொடுத்து, உள்ளே சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை என் கணவர் ஒரு வோல்டேஜ் தமாஷ்கூடச் சொல்லவில்லை.  பயப்படும்படி எதுவும் இல்லை என்று தெரிந்த அன்று மாலை அவர் ஒரு கிலோ கத்திரிக்காய் வாங்கிவந்தார். மகள் புளியைக் கரைத்தாள்.

ஓரகத்தி வந்து உட்கார்ந்தாள். "நான் சொல்றதக் கேளு. எடுத்துப் போட்டுடு. எனக்கு எடுத்தப்புறம் எவ்வளவு நிம்மதி தெரியுமா? கல்யாணத்துக்கும் தொல்லையில்ல."

இதை டாக்டரிடம் கேட்டேன். "அவங்களுக்குக் கட்டி இருந்திருக்கும், எடுத்திருப்பாங்க. உங்களுக்கு ஒண்ணுமில்ல. முகூர்த்தத்துக்கு எடஞ்சலா இருக்குன்னு ஒரு உறுப்பை எடுப்பாங்களா?" என்றார். அடுத்ததாக நான் கேட்க வைத்திருந்த கேள்வியும் அவருக்குத் தெரிந்திருந்தது. "தள்ளிப்போட மாத்திரையும் உங்களுக்கு இப்ப வேணாம். இப்பத்தான் ரத்தம் ஏறுது. தள்ளிப்போட்டு மறுபடி கொட்டிச்சுன்னா கல்யாண வூட்டுல பொண்ணைப் பாப்பாங்களா, உங்களைப் பாப்பாங்களா? வந்தா வரட்டும்."

இரும்புச் சத்து மாத்திரையைக் காப்பியோடு சாப்பிடக்கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு சாப்பிடவேண்டும் என்றார். பாலும் கேழ்வரகும் எள்ளுருண்டையும் எலும்புக்கு. சூடான காப்பி குடித்தவுடன் காந்தல் வருகிறதா என்று கவனிக்கச் சொன்னார். கவனித்தேன், வந்தது. இரண்டாம் காப்பி மோராக மாறியது. நைலக்ஸ் புடவைகளை மகளிடம் கொடுத்துவிட்டுக் கைத்தறிக்கு வந்தேன். மாலையில் ரயிலடி வரை நடந்துபோய் வந்தேன். வகுப்பில் பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்: முகம் சிவந்தால் கோபமில்லை, அது பாட்டுக்கு வரும், அது பாட்டுக்குப் போகும். அன்றிலிருந்து பானிபட்டில் மறுபடியும் சத்தம் போட ஆரம்பித்தார்கள்.

தூக்கத்துக்குத்தான் ஊசி. சனிக்கிழமைதோறும் பெரம்பலூருக்குப் போவேன். முதல் தடவை கணவரும் கூட வந்தார். மயிர்போல் மெல்லிய ஊசிகளைக் கணுக்காலுக்கு மேலே, மணிக்கட்டில், காது மடலில் டாக்டர் ஏற்றிவைத்தார். எறும்பு கடித்தாற்போல் இருந்தது, பிறகு ஒரு கனம். கணவர் தொழில் ஆர்வத்தோடு குனிந்து பார்த்தார்.

"இதுல கரண்ட் ஏதும் கொடுப்பீங்களா டாக்டர்?"

"சில பேர் கொடுப்பாங்க, பேட்டரியில. நான் கொடுக்கறதில்ல."

"எத்தனை வோல்ட்டு?"

"சார், பெரம்பலூர்ல கரண்ட் எப்ப வரும் எப்ப போகும்னு உங்க ஆபீஸுக்கே தெரியாது. என்னை ஏன் கேக்குறீங்க?"

கணவர் வராந்தாவுக்குப் போய்விட்டார். டாக்டர் என்னிடம், "இது இன்னாருக்கு இவ்வளவு கேக்கும்னு நான் சத்தியம் பண்ணமாட்டேன். தூக்கம் வந்தா லாபம். வராட்டி அரை மணி நேரம் யாரும் கூப்பிடாம படுத்திருந்தது லாபம்" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் தூங்கிவிட்டேனாம். தை பிறப்பதற்குள் வீட்டிலும் தூக்கம் திரும்பியது. ஊசியாலா, ரத்தம் ஊறியதாலா, காப்பி குறைந்ததாலா என்று அவர் பிரித்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. காந்தல் முழுவதும் போகவில்லை. வரும்போது அது என்னவென்று தெரிந்திருந்தது. தெரிந்த சூடு பாதிச் சூடு.

ஆனால் மாசி நெருங்கிக்கொண்டிருந்தது. மார்கழியில் வந்த மாதவிடாய் தையில் வரவில்லை. எந்த நாளிலும் வரலாம்.

"வந்தா வரட்டும்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. வந்துட்டா எங்கண்ணனில்ல வந்து நிப்பாரு? இவ பொறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்ல மழையில நின்னது அவரா, நானா?" என்று கணவர் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார்.

மகளிடம் வழி தயாராக இருந்தது. "நீ யாருகிட்டயும் சொல்லாத. நானும் சொல்லல. முடிஞ்சுது."

எனக்கு அது ஒப்பவில்லை. ஊரார் தேதியெல்லாம் வாய்விட்டுச் சொன்னவள் தன் தேதியை மட்டும் விழுங்கிக்கொண்டு மகள் கையில் தண்ணீர் ஊற்றினால், அந்தத் தண்ணீர் எனக்கே இனிக்காது. பையன் வீட்டில் பின்னால் தெரிந்து, அந்தப் பழியை மகள் தலையில் கட்டினால்? தையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்துக்குப் புறப்பட்டேன். உடையார்பாளையம் தாண்டியதிலிருந்து இரண்டு பக்கமும் முந்திரி பூத்திருந்தது. அந்த வாசனை பஸ்ஸுக்குள்ளேயே வந்தது. சொல்லவேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன், வகுப்புக்குப் போவதுபோல.

சம்பந்தியம்மா அதிகம் படித்தவரில்லை, தோப்பு முழுவதும் அவர் கணக்கில்தான் ஓடியது. என்னைப் பார்த்ததும், சீர் விஷயமாக ஏதோ தகராறு என்று நினைத்து முகத்தை இறுக்கிக்கொண்டார். பின்கட்டில் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரவைத்தார். நான் வரிசையாகச் சொன்னேன். தேதி தப்புவது, மாத்திரை, சீனத்து வேர், டாக்டர், சனிக்கிழமை ஊசி, கடைசியில் தாரை வார்ப்பது. "அன்னிக்கு எனக்கு வந்துட்டா, மறைச்சு நிக்க எனக்கு மனசு வரலீங்க. ஆனா ஒரே பொண்ணு. ஒதுங்கி நிக்கவும் மனசு வரல. உங்க முடிவு எதுன்னாலும் சொல்லுங்க."

  அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கிணற்றடிக்குப் போய், ஒரு வாளித் தண்ணீரில் முகத்தை முக்கி எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுக்கா சம்மந்தி பஸ் ஏறி வந்தீங்க? நான் பவுனுக்குத்தான் வந்திருக்கீங்கன்னு பதறிட்டேன்."

"உங்களுக்கும்..."

"ரெண்டு வருஷமா. முந்திரி சுடுற அடுப்புக்கிட்ட நின்னா அடுப்புச் சூடா, என் சூடான்னு தெரியல. ஒரு நாள் எங்க வூட்டுக்காரர் 'ஏன் மூஞ்சி செவந்து கெடக்கு'ன்னாரு. ஒரு மொறம் அவர்மேல பறந்துச்சு. நான் எங்க வீசினேன், அதுவே பறந்துச்சு." அவர் சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு எப்ப வருதுன்னு கணக்கு வெச்சுக்கிட்டு நின்னா தோப்புல பாதி நாள் வேலை ஓடாது. நான் நிறுத்தி நாளாச்சு. எம்மவனுக்குப் பொண்ணைப் பெத்தவதான் தரணும். வந்தாலும் நீங்கதான், வராட்டியும் நீங்கதான். வேற யாராச்சும் ஊத்தினா நான் ஒத்துக்க மாட்டேன்."

நான் புறப்படும்போது அவர் கேட்டார்: "அந்த டாக்டரம்மா சனிக்கிழமைதானே பாக்குறாங்க? எனக்கும் அந்த ஊசியைக் குத்துவாங்களா?" கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை நாங்கள் இருவரும் அடுத்தடுத்த மேஜையில் காதில் ஊசியோடு படுத்துக்கொண்டு, பந்தியில் எத்தனை கூட்டு, எத்தனை பொரியல் என்று பேசி முடித்தோம்.

முகூர்த்தத்தன்று விடியும்போது வந்தது. குளித்துவிட்டு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் வேட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். "செம்பு தேய்ச்சு வெச்சாச்சு. வா" என்றார்.

மண்டபத்தில் முகூர்த்தம் நெருங்கிய நேரத்தில் ஓரகத்தி பட்டுப் புடவையோடு மணமேடைக்கு அருகில் வந்து நின்றாள். ஒருவேளை தேவைப்பட்டால் என்று அவளும் தயாராகத்தான் இருந்தாள், அதில் தப்பில்லை. கூடியிருந்த பெண்கள் காதில் விழும்படியே கேட்டாள்: "டீச்சர், உன் தேதி என்னாச்சு?"

பொய் சொல்ல எனக்கு வராது. "காலையில வந்துட்டுது அக்கா" என்றேன்.

 யாரோ பாட்டி முறையிலிருந்தவர் "அப்போ..." என்று இழுத்தார். கணவரின் கை என் கை பக்கம் வந்தது. மேடையின் அந்தப் பக்கத்திலிருந்து சம்பந்தியம்மா எல்லோரையும் விலக்கிக்கொண்டு வந்தார்.

"எனக்கு முன்னாடியே தெரியும். சம்மந்தி எங்க வூட்டுக்கே வந்து சொல்லிட்டாங்க. பொண்ணு வாங்குறது நாங்க. எங்களுக்கு அவங்க ஊத்தினாத்தான் ஆகும். அப்புறம் யாருக்கு என்ன?"

யாருக்கும் ஒன்றும் இருக்கவில்லை. ஐயர் பார்க்காததுபோல் அட்சதையைக் கலந்துகொண்டிருந்தார். ஓரகத்தி என்னைப் பார்த்தாள், சம்பந்தியைப் பார்த்தாள். தாரை வார்க்க நேரலாம் என்று கட்டிவந்த பட்டின் முந்தானையைத் தூக்கி, என் நெற்றியில் துளிர்த்திருந்த வேர்வையைத் துடைத்தாள். "இந்த மூஞ்சியோட ஃபோட்டோவுல நின்னா எண்ணெச் சட்டி மாதிரி மின்னுவே" என்றபடி செம்பை எடுத்து என் கையில் கொடுத்தாள். "ரெண்டு கையாலயும் புடி. நெறைய ரொப்பிட்டாங்க."

கணவர் மகளின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார்.  எனக்கு நெஞ்சிலிருந்து அந்தச் சூடு கிளம்பி, கழுத்துக்கும் காதுக்கும் ஏறியது. ஏறட்டும் என்று விட்டுவிட்டு ஊற்றினேன்.

"மெல்ல, மெல்ல. மாப்பிள்ளை வேட்டி நனையுது" என்றார் கணவர்.

"நனையட்டும்ங்க" என்றார் சம்பந்தியம்மா.

செம்பில் ஒரு சொட்டு இல்லாமல் ஊற்றினேன்.